செத்தவள் போட்ட சோறு

"அங்கிள், அந்த சீன் அப்படி வராது" என்றான் ஜீவன்.

பக்கிரிசாமி பேச்சை நிறுத்தினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் இயக்குநர் வடமலை நினைவு விழாவுக்கான கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வடமலை சென்னையில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய 'பதினோராம் மைல்' படத்தைப் புதிதாகத் துலக்கி எடுத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு பிற்பகல் அதைத் திரையிடுவது, அதற்கு முன் பக்கிரிசாமி பதினைந்து நிமிடம் பேசுவது என்று ஏற்பாடு. ஏற்பாடு என்ன ஏற்பாடு? கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை வடமலை என்று ஒரு பேரைச் சொன்னால் அடுத்த பேர் பக்கிரிசாமிதான். கூடிப் பேசி முடிவு செய்ய அதில் ஒன்றுமே இல்லை. என்ன பேசப்போகிறார் என்பதைக் கொஞ்சம் கோடி காட்டுவோமே என்றுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எது எப்படி வராது?"

"பூங்காவனம் செத்துப்போன பிறகு எழுந்து வந்து புருஷனுக்குச் சோறு போடுறான்னு சொன்னீங்களே. அவ முதல்ல சோறு போடுறா அங்கிள். அப்புறம்தான் சாகுறா. அதோட படம் முடிஞ்சிரும்."

பக்கிரிசாமி சிரித்தார். இந்தப் பையன் ஏதோ கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் நடத்துகிறவன். சினிமாவைப் பாடமாகப் படிக்கிற காலம்!

"தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

"எண்பத்தொண்ணுல கிள்ளான்ல அந்தப் படத்தை நான் பதினோரு தடவை பார்த்தேன். உங்க அப்பா அப்ப ஸ்கூல் போயிக்கிட்டு இருந்திருப்பாரு."

ஜீவன் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தான். அதுதான் பெரிய அவமரியாதை. வாயால் சொன்னால் வாயால் பதில் சொல்லலாம்.

கறுப்பு வெள்ளையில் ஒரு பேருந்து வந்து பதினோராம் மைல் கல் அருகே நின்றது. ரோடு போடும் கூலிக்காரி பூங்காவனத்தின் புருஷன் ஏழு வருடம் கழித்து இறங்கினான். அவள் இடுப்பில் கை வைத்து நின்று அவனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு சோறு போட்டாள். அதற்கு அடுத்து அவள் படுக்கையில் கிடந்தாள், செத்தாள். அவன் மைல் கல்லின் மேல் உட்கார்ந்தான். பேருந்து நிற்காமல் போனது. 'வணக்கம்' என்று எழுத்து வந்தது.

"இது யாரோ மாத்திப் போட்டது" என்றார் பக்கிரிசாமி. "கம்ப்யூட்டர்ல முன்னதைப் பின்னால வெக்கலாம், பின்னதை முன்னால வெக்கலாம். யார்கிட்ட காட்டுறே?"

"ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து எடுத்தது அங்கிள். சாகுறதுக்கு முன்னால டைரக்டரே உட்கார்ந்து ஒவ்வொரு ரீலா பார்த்து ஓகே பண்ணியிருக்காரு."

விழா நடத்தும் சங்கத்தின் தலைவர் சிவநேசன் அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்தாலும் சட்டை கசங்காத மனிதர். "பக்கிரி, நாப்பத்து நாலு வருஷமா செத்தவ கையால சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கியே லா!"

மாடியே சிரித்தது. அப்பளம் கொண்டுவந்தவன்கூட என்னவென்று புரியாமலே சிரித்தான்.

"மனசுல வெச்சுக்காதே" என்று சிவநேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேச்சை ஜீவன் பேசட்டும். நீ குத்துவிளக்கு ஏத்து. சிறப்பு விருந்தினர் டத்தோ வரலைன்னுட்டாரு, அந்த இடம் காலியாத்தான் இருக்கு."

டத்தோ வராத இடத்துக்குப் பக்கிரிசாமி! அவர் இலையை மூடினார். மோர் கூட ஊற்றியிருக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நான்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போதும் மேலே சிரிப்புக் கேட்டது.

அவர் யார் என்பது அந்த மாடியில் இருந்தவர்களுக்கு மறந்துவிட்டது. காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினான்கு வயதில் லோரியில் ஏறியவர். இருபத்தொன்பது வயதில் கிள்ளானில் லோரிகளுக்கு ஸ்பிரிங் மாற்றும் பட்டறையைச் சொந்தமாகப் போட்டார். யாரும் சிபாரிசு செய்யவில்லை. ஓர் அரசியல்வாதி வீட்டு வாசலிலும் அவர் போய் நின்றதில்லை. பதினெட்டுச் சக்கர லோரி ரோட்டில் போகும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பட்டை உடைந்திருக்கிறது என்று சொல்வார்; இன்றைக்கும் சொல்வார், வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பாருங்கள். பட்டம் வாங்கிய இரண்டு பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள்.

வடமலை பேட்டி கொடுத்த பத்திரிகைகளைப் படிப்பதற்காகத்தான் அவர் தமிழ் எழுத்தை மறுபடியும் கற்றுக்கொண்டார். மற்றவர்கள் ஒரு பக்கம் படிக்கிற நேரத்தில் அவர் ஒரு வரி படிப்பார். ஆனால் அந்த ஒரு வரி அவரை விட்டுப் போகாது. வடமலையின் பதினேழு படங்களையும் காட்சி காட்சியாகச் சொல்லுவார். அதிலும் 'பதினோராம் மைல்'. அந்தப் படம் கேசட்டாகவும் வரவில்லை, தொலைக்காட்சியிலும் வரவில்லை. பிரதிகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டன என்றார்கள். அதனால் மலேசியாவில் அந்தப் படம் பக்கிரிசாமியின் வாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, இழவு வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் அந்த முடிவைச் சொல்லுவார். "எல்லாரும் உயிரோட இருக்கிறவளைச் சாகடிப்பான். வடமலை ஒருத்தன்தான் செத்தவளை எழுப்பி, புருஷனைத் திட்டவெச்சு, சோறு போடவெச்சான். போனவ போகல, வந்தவன் மனசுக்குள்ள நின்னு திட்டிக்கிட்டே இருக்கா. இப்படி யோசிக்க எந்த நாட்டுல ஆள் இருக்கு?" கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். சிவநேசன் எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டுவார். "நான் மெட்ராஸ்ல முதல் நாள் முதல் ஷோவே பார்த்தவன்" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வார்.

அந்த முடிவு வெறும் பேச்சுக்கான சரக்கும் இல்லை. எண்பத்தொன்றில், கல்யாணமாகி ஒரு வருடத்தில், மாமனாரோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கிரிசாமி வீட்டை விட்டு வெளியேறி, லோரி நிறுத்தும் இடத்திலேயே ஐந்து மாதம் படுத்துக் கிடந்தார். மனைவி குமுதா மூன்று தெரு தள்ளித்தான் இருந்தாள். அவர் போகவில்லை. ரோஷம். அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பதினோராவது தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தவர் நேரே குமுதாவின் வீட்டுக்கு நடந்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டினாள். பிறகு சோறு போட்டாள்.

பட்டறைச் சுவரில் ஒரு தபால் அட்டை கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எண்பத்துமூன்றில் அவர் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்கு வடமலை தன் கையால் எழுதிய பதில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பியதும் பக்கிரிசாமி அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

'அன்புள்ள பக்கிரிசாமிக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பாராட்டியிருக்கும் முடிவு எனக்கு நினைவில் இல்லை. எனினும் மிக அழகாக இருக்கிறது. வடமலை.'

பெரிய மனிதர்களின் அடக்கம் இப்படித்தான் இருக்கும் என்று நாற்பத்திரண்டு வருடமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். லோரி டிரைவர்களிடம் சொன்னார். வரி அதிகாரியிடம் சொன்னார். இப்போது பார்த்தால், அந்த மனுஷன் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறான். நினைவில் இல்லை. எடுக்காத படம் எப்படி நினைவில் இருக்கும்?

"எவனோ எனக்கு ரீலை மாத்திக் காட்டியிருக்கான்" என்று அவர் வீட்டில் கத்தினார். "பதினோரு தடவை! பதினோரு தடவையும் ஒருத்தன் என்னை மடையனாக்கியிருக்கான்!"

குமுதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மாத்தினா என்ன இப்ப? நீங்க வீட்டுக்கு வந்தீங்கதானே."

"அப்ப நான் வந்தது வடமலை சொல்லி இல்லையா? எவனோ ஒரு ஆபரேட்டர் சொல்லியா வந்தேன்?"

"எவன் சொன்னா என்ன, வந்தப்ப பசியோடதான் வந்தீங்க. மூணு தடவை சோறு கேட்டு வாங்கித் தின்னீங்க."

அவளோடு பேச முடியாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

அவர் படம் பார்த்த கிள்ளான் கொட்டகை இப்போது இல்லை. அங்கே கைப்பேசி விற்கிறார்கள். ஆனால் ரீல் ஓட்டியவர் பெயர் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. சபாபதி. எண்பத்திரண்டு வயது. சுங்கை வேயில் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருக்கிறார். புதன்கிழமை காலை பக்கிரிசாமி காடியை ஓட்டிக்கொண்டு போனார். நான்கு மாடி ஏறினார். லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. ஒவ்வொரு மாடிக்கும் கோபம் ஒரு படி ஏறியது.

சபாபதி பனியனோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, பசியாறியாச்சா?" என்றார், யார் என்று கேட்காமலே.

"பசியாற வரல. எண்பத்தொண்ணுல கிள்ளான்ல 'பதினோராம் மைல்' ஓட்டினது நீங்கதானே?"

"அந்த ரோடு போடுற பொம்பளை படமா? நான்தான்."

"கடைசி ரெண்டு ரீலை மாத்தி ஓட்டினீங்களா?"

கிழவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். யோசிக்கவே இல்லை. "ஆமா."

தப்பு நடந்துபோச்சு, குடித்திருந்தேன், டப்பாவில் நம்பர் அழிந்திருந்தது என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் பக்கிரிசாமி எதிர்பார்த்திருந்தார். அதற்கான திட்டெல்லாம் தயாராக இருந்தது.

"வேணும்னே மாத்தினீங்களா?"

"பின்னே? முதல் வாரம் ஒழுங்காத்தான் ஓட்டினேன். தோட்டத்துல இருந்து லோரி லோரியா பொம்பளைங்க வருவாங்க. கடைசியில அவ செத்ததும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்துட்டா. ஒருத்தி செருப்பைக் கழட்டித் திரையில அடிச்சா. அடுத்த நாள் லோரி வரல. கொட்டகை முதலாளி தவுக்கே என்னைக் கூப்பிட்டு, 'சபா, சாகுறதை வெட்டிப் போடு'ன்னாரு. சீனர், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆள் வரலைங்கிறது மட்டும் தெரியும். வெட்டறதுக்கு எனக்கு மனசு வரல. அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருந்துச்சு. அதான் பதினாலாவது ரீலை முன்னால ஓட்டிட்டு, பதிமூணைக் கடைசியில விட்டேன். செத்தா சாகட்டும், ஆனா ஜனங்க வெளியே போறப்ப அவ உயிரோட இருக்கணும்."

"'வணக்கம்' எப்படிக் கடைசியில வந்துச்சு?"

"அதைக் கத்திரிச்சு பதிமூணு வாலுல ஒட்டினேன். படத்தைத் திருப்பி அனுப்பறப்ப பழையபடி ஒட்டிக் கொடுத்துட்டேன். நம்ம தொழில் சுத்தம் தம்பி."

"நீ யாருய்யா அதை மாத்த?" பக்கிரிசாமிக்கு மரியாதை போய்விட்டது. "வடமலை எவ்வளவு பெரிய ஆளு! அவர் படத்துல கை வெக்க உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

"நான் ஆபரேட்டர். ரீலை நான்தானே மாட்டணும்? வடமலையா கிள்ளானுக்கு வந்து மாட்டினாரு?"

"நாப்பத்து நாலு வருஷம் அதை நான் மேதாவித்தனம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

"நல்லதுதானே" என்றார் சபாபதி. "அது மேதாவித்தனம்தான்."

பக்கிரிசாமி கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லட்டா? அந்தாளு படமே எனக்குப் பிடிக்காது லா. இழு இழுன்னு இழுப்பாரு. ஒரு பஸ்ஸு வர ஆறு நிமிஷம். நான் உள்ளே ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தா அப்பத்தான் பஸ்ஸு திரும்பும்." கிழவர் மறுபடியும் சத்தத்தைக் கூட்டினார். "பாருங்க, இப்ப அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் விழப்போறான்."

ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்க, மேடையில் நிற்க வைக்கிறேன் என்று வாய் வரை வந்த வார்த்தையை அவர் விழுங்கிக்கொண்டார். இந்த ஆளை மேடை ஏற்றினால் மேடையிலேயே வடமலையை மட்டம் தட்டுவான். படியில் இறங்கும்போது யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. இரண்டாவது மாடியில் நின்று லிஃப்டை ஓர் உதை விட்டார்.

அடுத்த மூன்று நாளும் பட்டறையில் யாரும் அவர் பக்கம் நெருங்கவில்லை. பேசாமல் விட்டுவிடலாம். விளக்கை ஏற்றிவிட்டு வந்துவிடலாம். இல்லை, ஜீவனைப் பொய்யன் என்று சொல்லிப் பழைய பேச்சையே பேசலாம். கிள்ளான்காரர்கள் பாதிப் பேர் அவர் பக்கம் நிற்பார்கள். பொய் சொல்லிப் பிழைக்கவா பக்கிரிசாமி பட்டறை போட்டார்? சனிக்கிழமை மத்தியானம், ஒரு லோரியின் அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, அவருக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் ஸ்பேனரைத் தரையில் அடித்தார்.

தன்னை ஏன் ஒருவனும் திருத்தவில்லை?

ஞாயிறு இரண்டு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிரம்பியிருந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். பக்கிரிசாமி வெள்ளை வேட்டி சட்டையில் குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஏற்றினார். கைத்தட்டல் முடிந்தது. அவர் இறங்கவில்லை. ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்.

"பக்கிரி, நேரமாச்சு" என்றார் சிவநேசன், பல்லைக் காட்டிக்கொண்டே.

"நான்தான் பேசுவேன்னு அன்னிக்கே சொன்னேன்." அவர் சபையைப் பார்த்தார். "நாப்பத்து நாலு வருஷமா உங்க எல்லாருக்கும் ஒரு கதை சொன்னேன். செத்தவ வந்து சோறு போட்ட கதை. அது வடமலை ஐயா எடுத்தது இல்ல. கிள்ளான் கொட்டகையில ரீல் ஓட்டின சபாபதி, கடைசி ரெண்டு ரீலை மாத்திப் போட்டாரு. நான் பார்த்தது சபாபதி படம். வடமலை ஐயா படத்தை நான் இன்னும் பார்த்ததே இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சிரிங்க! நல்லாச் சிரிங்க! நான் படிக்காதவன், ஒரே ஒரு கொட்டகையில பார்த்தவன், ஏமாந்தேன். நீங்கள்லாம் என்ன பண்ணீங்க? இந்த மண்டபத்துல எத்தனை பேரு என்கிட்ட 'நானும் பார்த்தேன்'னு சொல்லியிருக்கீங்க? பினாங்குல பார்த்தேன்னாங்க, ஈப்போவுல பார்த்தேன்னாங்க. அங்கெல்லாம் சபாபதியா ஓட்டினாரு? ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'பக்கிரி, நீ சொல்றது தப்பு'ன்னு சொன்னானா? தலையாட்டினீங்க! படத்தைப் பார்த்திருந்தாத்தானே சொல்றதுக்கு! தலைவரே, நீங்க மெட்ராஸ்ல முதல் நாள் முதல் ஷோ பார்த்தீங்க. எது முதல்ல வந்துச்சு? சோறா, சாவா?"

சிவநேசன் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடிக்க வந்தார். பக்கிரிசாமி விடவில்லை. ஸ்பிரிங் பட்டை தூக்கிய கை அது. வங்கிக் கை என்ன செய்யும்?

"சொல்லுங்க தலைவரே."

"ரொம்ப நாளாச்சு பக்கிரி... ஞாபகம் இல்ல."

"வடமலைக்கும் ஞாபகம் இல்ல. ஆனா அவர் அதை மறைக்காம எனக்கு எழுதிக் கொடுத்தாரு. நீங்க நாப்பது வருஷம் தலையாட்டுனீங்க." அவர் ஜீவனைத் தேடினார். பையன் ஓரமாக மடிக்கணினியோடு நின்றிருந்தான். "இந்தப் பையன் ஒருத்தன்தான் என்னை எதிர்த்துப் பேசினான். நான் அவனைத் திட்டினேன். இன்னமும் அவன் மேல கோபமாத்தான் இருக்கேன். ஆனா இனிமே வடமலையைப் பத்தி அவன் பேசட்டும். உங்கள்ல வேற எவனும் பேசக் கூடாது!"

ஒலிபெருக்கியை ஜீவன் கையில் திணித்துவிட்டு இறங்கினார். கைத்தட்டல் வந்தது, பாதிப் பேர் தட்டவில்லை. தட்டாதவர்களை அவர் குறித்துக்கொண்டார்.

முன்வரிசையில் குமுதா பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீவன் சுருக்கமாகப் பேசிவிட்டு மறுபக்கம் வந்து உட்கார்ந்தான். மண்டப விளக்கு அணைந்தது. படத்தின் முதல் பேருந்து வர ஆறு நிமிடம் ஆனது. ஒன்றேமுக்கால் மணி நேரம் அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். புருஷன் இறங்கினான். பூங்காவனம் திட்டினாள். சோறு போட்டாள். இதற்குமேல் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அவள் படுக்கையில் கிடந்ததைக் கண்டதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் செத்தாள். அவன் மைல் கல்லின் மேல் போய் உட்கார்ந்தான். யாரும் எழுந்து வரவில்லை. பேருந்து நிற்காமல் போனது.

"இப்படியாய்யா விட்டுட்டுப் போவே?" என்றார் பக்கிரிசாமி, திரையைப் பார்த்து, மண்டபம் முழுவதும் கேட்கிற குரலில்.

"ஷ்ஷ்" என்றார்கள் பின்னால்.

"அங்கிள், மெதுவா" என்று ஜீவன் பக்கத்து நாற்காலியிலிருந்து குனிந்தான்.

"மெதுவா என்னடா மெதுவா? வந்தவனுக்கு ஒரு வேளைச் சோறு போட்டுட்டுப் போயிட்டா. அவன் இனி யார்கிட்ட திட்டு வாங்குவான்?" அவர் குரல் உடைந்தது. அதற்கும் கோபப்பட்டார். "முதல் தடவை பார்க்கிறேன்டா. என்னைப் பார்க்க விடுங்க."